வெள்ளி, ஆறு முதல் ஏழு வரை

அக்டோபர் 7, செவ்வாய்

காலை ஷிப்ட். துறைமுக ரூட் பஸ். மழை. ஒரு பாட்டி தன் நாய்க்கும் டிக்கெட் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்று நான் வாயைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்தால் கதவுக்குக் கீழே கடிதம். எங்கள் குடியிருப்பின் மேலாளர் காரினா எழுதியிருக்கிறாள். தைஸ்தோ அவர்கள் காலமானதால், அடித்தளத்து நீராவிக் குளியலறையான சவுனாவில் வெள்ளி மாலை ஆறு முதல் ஏழு வரை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் காலியாகிறது. பேரன் என்பதால் முதல் உரிமை உங்களுக்கு. மாதக் கடைசிக்குள் தெரிவிக்கவும்.

நாற்பத்தொரு வருடம் தாத்தா உட்கார்ந்த ஒரு மணி நேரம். காலியாகிறதாம்.

அவர் போய்ப் பதினொரு நாள். எனக்கு வயது முப்பத்தேழு. எனக்கு இருந்த ஒரே சிநேகிதன் எண்பத்துநாலு வயதுக் கிழவர் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் விவாகரத்து ஆகி, இரண்டு பெட்டியோடு இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது அவர் எதையும் கேட்கவில்லை. ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார். "வெள்ளிக்கிழமை ஆறு மணி. லேட்டா வந்தா கீழ்ப் பலகைதான். அது சின்னப் பசங்க எடம்."

அக்டோபர் 8, புதன்

அம்மா போன் செய்தாள். மறுபடியும் ரெய்னோ பேச்சுதான்.

ரெய்னோ முதல் மாடியில் இருக்கிறார். தாத்தாவோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபது வருடச் சிநேகிதம். சவுனாவில் தாத்தாவுக்கு அடுத்த மணி நேரம் அவருடையது. தாத்தா இறந்த அன்றைக்கு ஏழு மணிக்குத் துண்டோடு இறங்கி வந்திருக்கிறார். கதவு சாத்தியிருந்தது. நடையிலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். அடுத்தவன் நேரத்தில் கதவைத் தட்டும் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் பேசாமல் இருப்போம். ஏழு இருபதுக்குத்தான் எழுந்து திறந்திருக்கிறார். தாத்தா மேல் பலகையில் சுவரில் சாய்ந்தபடி இருந்தார்.

"இருபது நிமிஷம்டா பெத்தேரி! வாசல்லயே உக்காந்திருக்கான் மனுஷன். ஒரு தட்டு தட்டியிருந்தா எங்கப்பா இன்னைக்கு இருந்திருப்பாரு."

"டாக்டர் அப்படிச் சொல்லலையேம்மா."

"அப்படி இல்லைன்னும் சொல்லலையே. உன்னைச் சொல்ல முடியுமா? நீ பாவம், பஸ் ஓட்டிக்கிட்டிருந்தே."

ம் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

ம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 10, வெள்ளி

ஆறு மணிக்குக் கீழே இறங்கிப் போனேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. படியில் உட்கார்ந்தேன். சவுனா நேரப் பட்டியலில் தாத்தா பெயர் இன்னும் இருக்கிறது. அதனால் அடுப்பு தானாகச் சூடாகியிருந்தது. கதவிடுக்கு வழியாக அந்த வாசனை வந்தது, சூடான பலகையும் பிர்ச் மரக் குழையும். யாருமில்லாத ஓர் அறை ஒரு மணி நேரம் கொதித்துக்கொண்டிருந்தது.

தாத்தா அடுப்பின் சூட்டுக் கல்லில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார். முதல் கரண்டி உனக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது இங்கே வராத முட்டாள்களுக்கு என்பார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் பேச்சே இருக்காது. அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டுவேன். இப்போது எதை வைத்து ஓட்டுவது?

ஏழு மணி ஆவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். ரெய்னோவைப் பார்க்கக் கூடாது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமல் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் மூன்று பேர் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அக்டோபர் 18, சனி

அடக்கம் முடிந்தது.

தேவாலயத்தில் ஒவ்வொருவராகச் சவப்பெட்டியருகே போய்ப் பூவை வைத்து, பூங்கொத்து நாடாவில் எழுதியதை உரக்கப் படித்தோம். அம்மா படித்தாள். நானும் ஏதோ படித்தேன். பிறகு ரெய்னோ வந்தார். அவரிடம் இருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, தோள் தொளதொளவென்று தொங்கியது. கையில் ஐந்து வெள்ளைக் கார்னேஷன் பூ. நாடாவைப் பார்க்கவேயில்லை.

"தைஸ்தோ, நான் தட்டியிருக்கணும். மன்னிச்சுக்கோ."

அவ்வளவுதான். திரும்பி எங்களைப் பார்த்துத் தலை குனிந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு காப்பி கொடுக்கும்போது அவர் கையை நீட்டினார், அம்மா கேக் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். நின்றுகொண்டு சால்மன் சாண்ட்விச் தின்றேன். என்னை என்ன செய்தால் தகும்?

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

எனக்கு அன்றைக்கு ஷிப்ட் இல்லை.

வீட்டில்தான் இருந்தேன். சோபாவில். ஹாக்கி பார்த்துக்கொண்டு. ஐந்தே முக்காலுக்குத் தாத்தாவுக்கு மெசேஜ் போட்டேன்: இன்னிக்கு முடியல, அலுப்பா இருக்கு, நீங்க போங்க. அவர், "சரிடா, உன் கரண்டியையும் நானே ஊத்திக்கிறேன்" என்று அனுப்பினார். கடைசியாக எனக்கு எழுதியது அதுதான்.

ஏழரை இருக்கும், வாசல் மணி அடித்தது. தாத்தாதான் என்று நினைத்தேன். வந்து கேலி பண்ணுவார், பீர் கேட்பார். எழுந்திருக்கச் சோம்பல். டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கல. மறுபடி மறுபடி அடிச்சுது. நான் திறக்கல. நான் திறக்கல! அப்புறம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு, வேற யாருக்கோன்னு நெனச்சேன். அம்மா ஃபோன் பண்ணி எங்கடா இருக்கேன்னு அழுதப்போ வாயில வந்தது, பஸ்ல இருக்கேன்.

நான் கீழே போயிருந்தால் அவர் மயங்கியபோது பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். இருபது நிமிடமும் இல்லை, இருபது நொடி. இதை அம்மாவிடம் சொன்னால் என்னைத் தலை முழுகிவிடுவாள். சொல்லாவிட்டால் ஒரு கிழவர் என் பாவத்தைச் சுமந்தே சாவார்.

அக்டோபர் 22, புதன்

லீவு போட்டேன். சாப்பிடவில்லை. தாத்தா மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அப்படியே போய்விட்டால் தேவலை என்று தோன்றியது. அப்படித் தோன்றியது பயமாக இருந்தது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஆறு மணிக்குப் படியில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எழுந்து ஓட முடியவில்லை. ஆறே முக்காலுக்கு ரெய்னோ துண்டோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்து நின்றார்.

"சளி பிடிக்கும்டா, கல்லுல உக்காராதே."

"மாமா, அன்னைக்கு எனக்கு ஷிப்ட் இல்ல."

"தெரியும்." பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கிட்டது. "என்கிட்ட ஃபோன் இல்ல. ஓடி வந்து உன் மணியைத்தான் முதல்ல அடிச்சேன். உள்ள ஹாக்கி ஓடுச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதுக்கு? எனக்கு எண்பத்தஞ்சு ஆச்சு. திட்டு வாங்கினா எத்தனை நாள் வாங்கப் போறேன்? நீ இன்னும் நாப்பது வருஷம் இருக்கணுமே."

அவர் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு உள்ளேருந்து சத்தமே வரலை. நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்க, சும்மா உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன். உனக்கு அந்த அமைதி எவ்வளவு வேணும்னு அவன் சொல்லியிருக்கான். கெடுக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன்."

அங்கேயே, மாடிப்படியில், முப்பத்தேழு வயதுக் கழுதை, ஒப்பாரி வைத்து அழுதேன். மூன்றாம் மாடிக்காரி சூப்பர் மார்க்கெட் பையோடு எங்களைத் தாண்டிப் போனாள். "வணக்கம்" என்றாள். ரெய்னோவும் "வணக்கம்" என்றார்.

நவம்பர் 1, சனி

புனிதர் நாள். கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி. தாத்தாவின் திரியை ஏற்றிவிட்டு அம்மாவிடம் சொன்னேன். ஹாக்கி, மெசேஜ், மணி, எல்லாவற்றையும் வரிசையாக.

என்னைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "நான் பஸ்ல போய்க்கிறேன்," என்றாள். என் கார் பக்கத்திலேயே நின்றது. நடந்து போய்விட்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

அம்மா போனை எடுக்கவில்லை.

காரினாவுக்குப் பதில் எழுதினேன், நான்கு நாள் தாமதமாக. சவுனா நேரத்துக்கு என் பெயரைப் போடச் சொல்லி.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா எடுக்கவில்லை. ஆனால் முதல் மாடியைத் தாண்டும்போது ரெய்னோ வீட்டிலிருந்து அவள் மூக்கு சிந்தும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? அவள் சுடும் ஏலக்காய் ரொட்டி வாசனையும் வந்தது. நிற்காமல் மேலே வந்துவிட்டேன். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பட்டியலில் ஆறு மணிக்கு நேராக என் பெயர். அதற்குக் கீழே ஏழு மணிக்கு ரெய்னோ.

தனியாக உள்ளே போனேன். மேல் பலகையில் ஏறவில்லை. கீழே, சின்னப் பசங்க இடத்தில் உட்கார்ந்தேன். மூன்று கரண்டி ஊற்றினேன். மூன்றாவதை அன்றைக்கு வராத முட்டாளுக்கு என்று சொல்லி ஊற்றினேன். பிறகு அங்கே இருந்தேன். நேரம் பார்க்கவில்லை.

கதவு இடிபட்டது. தட்டல் இல்லை, கையை மடக்கி இடி. நான் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஆறு வருடத்தில் அந்தக் கதவை யாரும் தட்டி நான் கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு அடித்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"டேய் பெத்தேரி! இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"சத்தமா சொல்லு!"

"இருக்கேன்!"