அண்ணாச்சி இறக்கம்

8 ஜூன், ஞாயிறு

பாதையை அடைத்துவிட்டார்கள். ஐரோலிக்குப் பின்னால் இருக்கிற மலையில், நான்கு வருஷமாக நான் சைக்கிள் ஓட்டுகிற பாதையின் நடுவில், இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு மேலே கல் அடுக்கியிருக்கிறார்கள். காலை ஆறரைக்கு முள்ளுக்கு இந்தப் பக்கம் இருபத்தாறு பேர் சைக்கிளோடு நின்றோம். அதில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் போனில் மேப் பார்த்து வந்தவர்கள்.

மேப்பைப் போட்டது யார்? நான்தான். பிப்ரவரியில், சைக்கிள்காரர்கள் ஆப்பில், இறக்கம் முழுவதையும் கோடு போட்டு ‘அண்ணாச்சி இறக்கம்’ என்று பெயரும் வைத்தேன். தாராவியில் பை தைக்கிறவர்களுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிறேன். சரக்கு எங்கே எடுக்கிறேன் என்று இருபத்திரண்டு வருஷத்தில் கூடப்பிறந்த தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. இதை மட்டும் ஊருக்கே சொல்லியிருக்கிறேன். எதற்கு? நூறு பேர் லைக் போட்டார்கள் என்பதற்கு.

ஜெயினுலாப்தீன் — பக்கத்துக் கடைக்காரன், ஆரம்பத்திலிருந்து என்னோடு ஓட்டுகிறவன் — டெம்போவில் ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னான்: “கடைக்கு ஆள் வரணும்னா போர்டு வைக்கலாம் அண்ணாச்சி. மலைக்கு எதுக்கு போர்டு வச்சிய?”

9 ஜூன்

கடையில் மனசு நிற்கவில்லை. பத்தாம் நம்பர் ஜிப் கேட்டவனுக்கு எட்டாம் நம்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

11 ஜூன், புதன்

வாட்ஸாப் குழுவில் இப்போது நூற்று நாற்பது பேர். குர்லாவிலிருந்து வருகிற ஜீஷான் எழுதியிருக்கிறான்: ஞாயிறு ஐந்து மணிக்கே அரிவாளோடு போய் முள்ளை வெட்டி எறிந்துவிடலாமாம். அதற்கு முப்பத்திரண்டு கட்டைவிரல். யார் போட்ட முள், எதற்காகப் போட்டார்கள் என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் இன்று காலைவரை தோன்றவில்லை, அது வேறு.

‘இந்த ஞாயிறு யாரும் போகவேண்டாம், நான் பேசிவிட்டு வருகிறேன்’ என்று போட்டேன். ‘ஓகே பாஸ்’ என்று சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலுக்கு.

12 ஜூன்

சோறு வைக்கும்போது வீட்டுக்காரி உமா சொன்னாள்: “ஒரு ஞாயித்துக்கெழம வீட்ல இருந்தா மலை எங்கயும் ஓடிராது.”

ஓடாதுதான். அடைத்துவிடுவார்களே. வாரத்தில் ஆறு நாள் எவன் எவனிடமோ தலையாட்டுகிறேன். அந்த இறக்கத்தில் மட்டும் இருபது நிமிஷம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் போனால் — என்ன செய்ய, மாட்டுங்கா பார்க்கில் வட்டம் சுற்றவா?

15 ஜூன், ஞாயிறு

மழை. சைக்கிள் இல்லாமல் நானும் ஜெயினுலாப்தீனும் நடந்தே ஏறினோம். முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெயர் ஹிராபாய். வீடு மலையடிக் குடியிருப்பில். முள் போட்டது தான்தான் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். நிலம் யார் பேரில் என்று கேட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றிய நிலக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். மாமனார் பேர். நிலத்தைச் சொல்லி வாதாட வழியில்லை.

அவள் மராத்தி, நான் இந்தி. பாதையைப் பார் என்றாள். பார்த்தேன். ஈரத்தில் எங்கள் டயர் உழுத தடம் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் ஆகியிருந்தது. மலைத்தண்ணீர் முழுக்க அதில் இறங்கி, நேராக அவள் கேழ்வரகு நாற்றுப் பாத்தியில் விழுந்திருக்கிறது. மூன்று பாத்தியில் இரண்டு வெறும் கல். முளைத்ததெல்லாம் ஓடைக்குப் போயாயிற்று.

நான் வியாபாரி. “எவ்வளவு?” என்று கேட்டேன். நாற்றுக்கு ஒரு தொகை, வருஷத்துக்கு ஒரு தொகை, இப்போதே கையில்.

“பணம் வாங்கிட்டா நீ எப்ப வேணா வருவே. அப்புறம் நான் பேச முடியாது” என்றாள்.

அவள் சொன்னது சரி. அதற்காகத்தான் கொடுக்கப் பார்த்தேன்.

இறங்கும்போது ஜெயினுலாப்தீன்: “தாராவியில யாருகிட்டயும் தோத்ததில்ல நீங்க. இன்னைக்கு ஒரு ஆளு கெடச்சுட்டுல்லா?” ஐரோலி வரைக்கும் அவனை விட்டு முன்னால் நடந்தேன்.

16 ஜூன்

விலை சொல்லாத ஆளிடம் எப்படிப் பேரம் பேசுவது?

19 ஜூன், வியாழன்

ஆப்பில் நான் போட்ட பாதைக் கோட்டை எடுத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் ஜீஷான் போன். “க்யா அண்ணா, ராஸ்தா ஆப்கே பாப் கா ஹை க்யா?” பாதை என் அப்பன் வீட்டுச் சொத்தா என்கிறான். என் அப்பனுக்குச் சொத்தே கிடையாது தம்பி என்றேன். வைத்துவிட்டான்.

அப்புறம் குழுவில் எழுதுகிறான்: ஆளையும் கூப்பிட்டுவிட்டு, கதவையும் சாத்துகிற கிழவனாம் நான். நாற்பத்தெட்டு வயசு கிழவனா? இரண்டு தடவை பதில் அடித்து அழித்தேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் எரிகிறது.

22 ஜூன், ஞாயிறு

‘சைக்கிள் வேண்டாம், மண்வெட்டியோடு வாருங்கள்’ என்று போட்டிருந்தேன். நூற்று நாற்பது பேரில் வந்தது ஐந்து. எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் ஐந்து. ஜீஷானும் வந்தான் — அரிவாள் இல்லை, கடப்பாரை. என் முகத்தைப் பார்க்காமலே வேலை பார்த்தான்.

தடத்தைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினோம். தண்ணீர் பக்கவாட்டில் ஓடைக்குப் போகட்டும் என்று மூன்று இடத்தில் குறுக்கே சாய்வாக வெட்டினோம். ஹிராபாய் மேலே நின்று பார்த்தாள். முதல் வெட்டு தப்பு என்று சொல்லிக் காலால் கோடு கிழித்துக் காட்டினாள். மறுபடி வெட்டினோம். இரண்டு கையிலும் கொப்புளம்.

“ஆப்புல போடுங்க, அண்ணாச்சி வாய்க்கால்னு” என்றான் ஜெயினுலாப்தீன். ஜீஷானுக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் சிரித்தான்.

பாலில்லாத டீ கொடுத்தாள். பாதை திறக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கூலி கேட்ட மாதிரி ஆகிவிடும்.

29 ஜூன், ஞாயிறு

இரண்டு நாள் மழைக்கு வெட்டு தாங்கியிருக்கிறது. மூன்றாவது பாத்தி தப்பியது. பேச்சை அவளே ஆரம்பித்தாள். அரை மணி நேரம். ஆள் கணக்கு ஒன்றில்தான் இழுபறி: அவள் ஆறு என்றாள், நான் பத்து என்றேன்.

முடிவானது இது. மழை விழுந்த நாளிலிருந்து கேழ்வரகு அறுப்பு முடியும்வரை சைக்கிள் கிடையாது. அறுப்பு முடிந்ததா என்பதை அவள் சொல்வாள், நாங்கள் அல்ல. அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும், காலை ஒன்பது மணிக்குள், எட்டு பேர். வயலோரத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மே மாதம் வெட்டைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. முதலில் வந்து சேர்கிற எட்டு பேருக்குத்தான் வழி. ஒன்பதாவதாக வருகிறவன் திரும்பிப் போக வேண்டும், அது நானாக இருந்தாலும்.