ஈப்போவிலிருந்து திருப்பி அனுப்பிய நாள்

அக்கா, உன் மகள் இன்று காலை ஒரு பெரிய பழுப்பு உறையைக் கொண்டுவந்தாள். "சின்னம்மா, அம்மாவோட ஸ்கேன் படம். தூக்கிப் போட்டுடவா?" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன். நாம் இரண்டாவது தடவை ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனபோது எடுத்த படம் அது. முதல் தடவை எடுக்காமல் திரும்பியதற்கு நான்தான் காரணம்.

உன் கழுத்துப் புற்றுக்கட்டிக்கு வைத்தியம் முடிந்து, நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க பெட்-சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வெறும் வயிறு, பச்சைத் தண்ணீர் மட்டும் என்று தாளில் போட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்காரிகளுக்குத் தேத்தண்ணி எந்தக் காலத்தில் சாப்பாடு? மலைமேல் நம் ரிங்லெட்டில் காருக்குக் காத்திருந்தபோது, "பால் இல்லாத வரத் தேத்தண்ணிதான்லா, குடி" என்று பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். உனக்கு இனிப்புநீர் வியாதி; பட்டினியில் மயங்கிவிடுவாய் என்று பயந்து இரண்டு கரண்டி சீனி கலந்திருந்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. நீ சொட்டு விடாமல் குடித்தாய்.

அங்கே தாதி விரலில் குத்திப் பார்த்தாள். ரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தது. படம் சரியாக விழாது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். 

இரண்டாவது தடவை எடுத்த படத்தில் கழுத்து சுத்தமாக இருந்தது. ஆனால் டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இடது கிட்னில ஒரு கட்டி இருக்கும்மா. படத்துக்காகப் போடுற ஊசி மருந்து கிட்னி வழியாத்தான் வெளியாகும், அதனால அங்க எப்பவும் பளிச்சுனுதான் தெரியும். சேர்த்து எடுத்த சிடிலதான் கட்டியோட உருவம் தெரிஞ்சிச்சு." பழைய நோய் பரவியதா, இது வேறா என்பதைச் சதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். அந்த இரண்டு வாரத்தில்தான் முளைத்ததோ என்று நான் மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நீயோ, "கழுத்தப் பாக்கப் போயி கிட்னி மாட்டிக்கிச்சு பாரு" என்று சிரித்தாய்.

முடிவு வரப் பத்து நாள் ஆனது. கொழுந்து வெட்டும் கத்தரியை இரண்டு முறை காலில் போட்டுக்கொண்டேன். கடைசியில் அது பரவியதல்ல, புதுக் கட்டிதான் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மூன்று வருடம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாய். பிறகு பழைய நோய் கழுத்துக்கே திரும்பி வந்தது.

உன் கடைசி வாரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து ஒருவழியாகச் சொன்னேன். "அன்னிக்கு நான் சீனி போட்டுட்டேன்க்கா."

"தெரியும்" என்றாய். "என் நாக்கு என்ன செத்தா போச்சு? மொத வாய்லயே தெரிஞ்சிடுச்சு. திருப்பி அனுப்பிடுவாங்கன்னுதான் முழுசும் குடிச்சேன். பயமா இருந்துச்சுலா."

மூன்று வருடம் என்னைத் தவிக்க விட்டாயே என்று இன்னமும் கோபம் வருகிறது. ஆனால் அன்று காரில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். மலை இறங்கும்வரை என் பயத்தைத் தவிர வேறு எதையும் நான் கவனிக்கவில்லை. இப்போது யாருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வண்டி ஏறுமுன் முகத்தைப் பார்த்து "பயமா இருக்கா?" என்று கேட்டுவிடுகிறேன். உன்னிடம் மட்டும்தான் அதைக் கேட்காமல் விட்டேன்.