குழாய்க்குள் போன கம்பி

1978 செப்டம்பர் 28, வியாழன்

மழை வந்து ஒரு வாரம் ஆகிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். இருந்தும் தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் புது ரோலரைப் போட்டால் விளக்கெல்லாம் மங்குகிறது. பழைய ரோலர்கள் நான்கும் எப்போதும் போல ஓடுகின்றன. ஐந்தாவதுதான் முரண்டு பிடிக்கிறது. ஏன் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் மெஷின் பார்க்கும் பிட்டர், சாத்திரக்காரன் இல்லை.

இன்று கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். மேல்மலை டேங்கிலிருந்து ஸ்டோரை ஓட்டும் டர்பைனுக்கு இறங்கும் பன்னிரண்டு அங்குலக் குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்குக் குழாய்க்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட வேண்டும். கொழுந்து குவிந்து கிடக்கும்போது ஸ்டோரை ஒரு மணி நேரம்கூட நிறுத்த முடியாது என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். ஆகவே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டை போட்டு, ஓடும்போதே கம்பியை விட்டு, ஓடும்போதே எடுக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தக் கூடாது. எஞ்சினியர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டை போடும் இடத்துக்கு நேர் கீழே நாங்கள் குடியிருக்கும் பத்துக் காம்பரா லயம். கடைசிக் காம்பரா என்னுடையது.

அக்டோபர் 2, திங்கள்

ஓட்டை போட்டாயிற்று.

குழாயைச் சுற்றி இரும்புப் பட்டை. அதன் மேல் ஒரு வால்வு. வால்வைத் திறந்து வைத்து, அதன் வழியாகவே துரப்பணத்தை விட்டேன். வெளிவாயில் பதுளை றவூப் தன் லேத்தில் கடைந்து கொடுத்த மூடி. அதற்குள் கயிறும் மாட்டுக்கொழுப்பும் திணித்து இறுக்கினால் தண்ணீர் வெளியே வராது என்றார் எஞ்சினியர். வரவில்லை. துரப்பணத்தைப் பின்னால் இழுத்தேன், வால்வை மூடினேன். அவ்வளவுதான். சொன்னால் நாலு வரி, நின்றால் நாலு மணி நேரம்.

உள்ளே இருக்கும் அழுத்தம் எதையும் வெளியே தள்ளிவிடும். கம்பியை அறுபது இறாத்தல் பாரத்துடன் தள்ளும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பிடி விட்டால் நெஞ்சில் பாயும். அதனால் ஒருவன் சங்கிலியை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், இன்னொருவன் கம்பியை விட வேண்டும். சங்கிலிக்கு யாரைக் கூப்பிடுவது? டேங்க் வாச்சர் சின்னராசாவைக் கூப்பிட்டேன். அவனும் நானும் பதினாறு வருஷத்துக்கு முன் ஒரே நாளில் இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள். "ஒன் நெஞ்சு எனக்கெதுக்கு, கெட்டியாப் புடிச்சிக்கிறேன்" என்றான்.

அக்டோபர் 9, திங்கள்

எஞ்சினியர் கம்பியைப் பற்றிப் பாடம் நடத்தினார். நுனியில் இரண்டு சிறு துளைகள், தையல் ஊசி போகிற அளவு. ஒன்று தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும், மற்றது பக்கவாட்டில். இரண்டிலிருந்தும் ரப்பர்க் குழாய் வழியே தண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாய்க்கு வருகிறது. உள்ளே சிவப்பு மருந்து. ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத் தண்ணீரின் அளவு. தண்ணீர் முழுதாக வந்தால் ஒன்பது அங்குலம் காட்ட வேண்டுமாம்.

என்னைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். ஊதிப் பார்க்கச் சொன்னார். ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. பெட்டியில் வைத்துவிட்டு, "வியாழன் வரை இதைத் தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பண்டாரவளைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 10, செவ்வாய்

ஆயுத பூசை. டர்பைன் அறையைக் கழுவி, சாமான்களையெல்லாம் வரிசையாக வைத்தோம். ஸ்பேனர், சுத்தியல், அரம், பைப் ரெஞ்ச். பூசாரி வர நேரமாயிற்று. என் மனைவி ரெங்கம்மா சந்தனம் அரைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எதையும் விட்டுறாதீங்க" என்று சொல்லிப் போனாள்.

பெட்டியைப் பார்த்தேன். தொடவேண்டாம் என்றார். ஆனால் ஒரு சாமானை மட்டும் பூசையில் வைக்காமல் விடுவதா? அதுவும் அறுபது இறாத்தல் தள்ளுகிறதை? எடுத்து வைத்தேன். மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டு. அதற்குத்தான் பயந்து பயந்து நிறையப் பூசினேன். நாளை காலை வரை எதையும் தொடக் கூடாது.

அக்டோபர் 12, வியாழன்

காலையில் கம்பியை மேலோட்டமாகத் துடைத்துக் கொழுப்புத் தடவி வைத்திருந்தேன். எஞ்சினியர் வந்ததும், "ஊதிப் பார்த்தாயா?" என்றார். "பாத்தேங்க" என்றேன். பார்த்ததுதானே.

கம்பி உள்ளே போனது. சின்னராசா சங்கிலி பிடித்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

ஆனால் கண்ணாடியில் இரண்டு அங்குலம். அரை மணி நேரம் நின்றோம். இரண்டுதான். இரண்டென்றால் பாதித் தண்ணீர் என்றார். டேங்கிலிருந்து இங்கே வருவதற்குள் பாதியைக் காணோம்.

பாதியா?

அக்டோபர் 13, வெள்ளி

சின்னராசா டேங்கடியில் இரண்டு பாத்தி லீக்ஸ் பயிர் போட்டிருக்கிறான். ஊருக்கே தெரியும்.

அக்டோபர் 14, சனி

துரை ஒபிசுக்குக் கூப்பிட்டார். எஞ்சினியர் எழுதிய கடிதம் மேசை மேல். குழாயில் எங்கும் கசிவில்லை, நான்தான் முழு நீளமும் நடந்து பார்த்தேன். அப்படியானால் டேங்கிலேயே யாரோ தண்ணீரைத் திருப்புகிறார்கள். டேங்கில் இருப்பது ஒரே ஆள்.

"சின்னராசா தண்ணி எடுப்பானா?"

"தெரியாதுங்க."

அதைத்தான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? கண்ணாடி பொய் சொல்லுமா? நான் பார்த்துக்கொண்டா இருந்தேன்? ஆனால் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. திரும்பிப் போய் ஏதாவது சொல்லலாமா என்று நின்றேன். போகவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

சின்னராசாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாசக் கடைசியில் பத்துச்சீட்டாம். பத்துச்சீட்டு வாங்கினால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. அவன் மனைவி வேலாயி எங்கள் வாசலில் வந்து ரெங்கம்மாவிடம் சொன்னாள்: "ரெண்டு பாத்தி லீக்சு ஒரு தோட்டத்துத் தண்ணியையாக்கா குடிக்கும்?" நான் உள்ளே இருந்தேன். வெளியே வரவில்லை. சட்டை தைக்கிறேன் என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நூல்கூடக் கோக்கவில்லை.

அக்டோபர் 18, புதன்

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பாதித் தண்ணீர் என்றால் பாதிச் சக்தி. பிறகு நான்கு ரோலரும் கொழுந்து வாட்டும் காற்றாடியும் எப்படி ஓடுகின்றன? இன்று பார்த்தேன், எல்லாம் ஓடுகிறது. போன வருஷம் போலவே.

அப்படியானால் கண்ணாடி தப்பு. ஆனால் கண்ணாடி எப்படித் தப்பும்? எஞ்சினியர் படித்தவர். நான் ஏழாம் வகுப்பு.

அல்லது அளந்த அன்று மட்டும் சின்னராசா தண்ணீர் எடுத்தானா? அளந்த அன்று என் பக்கத்தில் சங்கிலி பிடித்து நின்றானே. வேலாயி திறந்துவிட்டாளோ? சே. என்ன புத்தி இது எனக்கு. தலை சுற்றுகிறது, நிறுத்துகிறேன்.

அக்டோபர் 21, சனி

இதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

எஞ்சினியர் சாமான்களை இங்கேயே விட்டுப் போயிருக்கிறார், அடுத்த மாசம் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அதற்குள் மூடியை இன்னும் கொஞ்சம் இறுக்கமாகக் கடைந்து வைக்கச் சொன்னார். அளவு பார்க்கக் கம்பியையும் தூக்கிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

றவூப் நானா அளவெடுத்துவிட்டு, சும்மா ஒரு பழக்கத்தில், கம்பியின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார். பக்கத்துத் துளையில் காற்று வந்தது. முன் துளையில் வரவில்லை. இன்னொரு முறை ஊதினார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றை எடுத்துக் குத்தினார்.

"இதுக்குள்ள மஞ்சளா ஏதோ அடச்சி ஈக்கி" என்று விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்ல வாசம். சந்தனமா வீரய்யா? கொழுப்பும் சேந்து கல்லாட்டம் ஈக்கி."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒரு பிளேன்டீ வரவழைத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

ஊதிப் பார்த்தது திங்கள். பூசியது செவ்வாய். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் சொன்னது உண்மையும் இல்லை.

யாருக்கும் தெரியாது. றவூப் நானாவுக்கு சின்னராசா விஷயம் தெரியாது. துளை இப்போது சுத்தம். நான் வாயை மூடிக்கொண்டால் இது இப்படியே போய்விடும். சொன்னால், தொடாதே என்றதைத் தொட்டவன் என்று என்னை அனுப்புவார்கள். ரெங்கம்மா ஆறு மாசக் கர்ப்பிணி. ஒரு வீட்டுக்குப் பதில் இன்னொரு வீடு தெருவில் நிற்கும், அதுதானே நியாயம் என்று மனசு சொல்கிறது. அப்படியும் இல்லை என்று அதே மனசு சொல்கிறது. பூசை செய்தது பாவமா? பூசை செய்ததற்கு ஏன் இப்படி? சாமியிடம் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 23, திங்கள்

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் போய், இன்னொரு தரம் அளந்து பார்க்க வேண்டும், நீங்கள் கண்ணாடியைப் பார்த்து எழுத வேண்டும் என்றேன். ஏனென்று கேட்டார். மூடியைப் புதிதாகக் கடைந்திருக்கிறது, சரிபார்க்க வேண்டும் என்றேன். இன்னொரு பொய்.

சங்கிலிக்கு ஆள் இல்லை. இருவரைக் கேட்டேன், கம்பி நெஞ்சில் பாயும் என்றதும் போய்விட்டார்கள். சின்னராசாவின் காம்பராவுக்குப் போனேன். அவன் சாக்கில் சாமான் கட்டிக்கொண்டிருந்தான். கொஸ்லந்தையில் வேலாயியின் தம்பி இருக்கிறான், அங்கே போவதாம்.

"ஒரு தடவ சங்கிலி புடிக்கணும்" என்றேன்.

"வேல நின்னுபோன ஆளுகிட்டயா கேக்குற?"

"வேற யாரும் புடிக்க மாட்டேங்குறாங்க."

வந்தான். ஏன் வந்தான் என்று இப்போதும் தெரியவில்லை.

வால்வைத் திறந்தேன். கம்பி உதைத்தது. அவன் சங்கிலியை இழுத்தான், நான் உள்ளே விட்டேன். டீமேக்கர் பத்தடி தள்ளி கண்ணாடிக்குப் பக்கத்தில். கம்பி பாதி போயிருக்கும். அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"சின்னராசா, அன்னைக்கி கம்பி வாயில சந்தனம் அடைச்சிருந்துச்சு. பூசைக்கி நான் பூசுனது. தண்ணி கொறையல."

சங்கிலி ஒரு கண்ணி நழுவியது. கம்பி என் நெஞ்சை நோக்கி ஓர் அங்குலம் வந்தது. பிறகு இறுகியது.

"இப்ப எதுக்குச் சொல்ற? பாத்து உடு" என்றான்.

ஏன் அப்போது சொன்னேன்? அவன் கையில் என் உயிர் இருக்கும்போது சொன்னால்தான் சரி என்று தோன்றியதா, இல்லை அவன் கையை எடுக்க முடியாத நேரமாகப் பார்த்துச் சொன்னேனா? இரண்டும் இருக்கலாம்.

ஒன்பதரை அங்குலம். டீமேக்கர் இரண்டு முறை பார்த்தார். கம்பியை, அதில் அரத்தால் கீறிய குறி வெளியே தெரியும் வரை பின்னுக்கு இழுத்து, வால்வை மூடி, எடுத்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அன்னைக்கி ஏன்டா ரெண்டு காட்டுச்சி? கருவிக் கோளாறுன்னு எழுதிறவா?" என்றார் டீமேக்கர்.

சின்னராசா சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் ரப்பர்க் குழாயைக் கழற்றத் தொடங்கினேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலையில் ஆட்கள் பெரட்டுக்குக் கூடும் முன்னமே துரை பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பூசை, சந்தனம், கொழுப்பு, எல்லாம். அவருக்குப் பாதி விளங்கவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் இன்னும் முட்டாளாகத் தெரிந்தேன். கடைசியில் அவர் கோபப்படவில்லை, அதுதான் மோசம். "எஞ்சினியருக்கு நான் என்ன எழுதுவது?" என்று என்னையே கேட்டார்.

சின்னராசாவுக்கு நாளை முதல் வேலை. எனக்கு ஸ்டோரை விட்டு மூன்று மாசம் தேயிலை மலையில் வேலை. பிறகு பார்க்கலாம் என்றார்.

ரெங்கம்மா சாமான் பெட்டிச் சாவியை என் இடுப்பிலிருந்து அவிழ்த்து வாங்கி, புது ஆளிடம் கொடுக்கப் போனாள்.

அக்டோபர் 30, திங்கள்

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் கையெல்லாம் கொப்புளம்.

நவம்பர் 3, வெள்ளி

எஞ்சினியர் பதில் எழுதியிருக்கிறாராம். தண்ணீர் முழுதாக வருகிறது, டர்பைன் சக்கரத்தின் கரண்டிகள்தான் தேய்ந்துவிட்டன, அதனால்தான் ஐந்தாவது ரோலரை இழுக்கவில்லை. பதினாறு வருஷமாக அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றவன் நான். இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நவம்பர் 8, புதன்

இன்று என்னை வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போட்டார்கள். டேங்குக்கு மேலே, நானும் சின்னராசாவும் மட்டும். பதினைந்து நாளாக எதிரில் பட்டால் தலையசைப்போம், அவ்வளவுதான். இன்று காலை ஒரு மணி நேரம் வெட்டினோம். பிறகு அவனே ஆரம்பித்தான்.

"தொரை ஒன்னையக் கேட்டாராமுல்ல. நான் தண்ணி எடுப்பேனான்னு."

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். கோபமாகத் தெரியவில்லை. கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கொழாய்க்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியாது, சரி. என்னைய ஒனக்குப் பதினாறு வருசமாத் தெரியும்ல?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, திரும்பி வெட்டத் தொடங்கினான். நானும் வெட்டினேன்.

நாளைக்கும் எங்கள் இருவருக்கும் அதே வாய்க்கால்தான்.