பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசாத சனிக்கிழமைகள்

இன்று காலை, கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டியை மேசைமேல் விரித்து, தண்ணீர் தெளித்து, கரி இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். சூடு பட்டதும் கஞ்சியிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. வேட்டியில் பழுப்பாகத் தடம் விழுந்ததை அப்புறந்தான் பார்த்தேன். அது நம் பள்ளிக்கூட உடுப்பின் வாசனையடி. ஜொகூர் பாருவில், காலை வெயிலில் நீயும் நானும் விறைப்பாக நடந்து போவோமே, அந்த வெள்ளை உடுப்பின் வாசனை.

நீ போன பிறகு உன்னிடம் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். பதில் வராத பேச்சு எதற்கு என்று. இன்று முடியவில்லை.

பெரிய மிஸ் ஆண்டுப் பரீட்சை மார்க் வாசித்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொருத்தியாக எழுப்பி நிறுத்தி, எல்லார் முன்னாலும் வாசித்தார். உனக்கு எல்லாவற்றிலும் தேர்ச்சி. என் முறை வந்தது. இங்கிலீஷில் நல்ல மார்க். பூகோளம் பரவாயில்லை. கணக்கு என்றதும் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தோல்வி. கணக்கில் விழுந்தால் மேல் வகுப்பு கிடையாது. உட்காரலாமா, நின்றுகொண்டே இருக்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். நீதான் என் உடுப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

அன்று கடலோரப் பாதையில் திரும்பினோம். சிங்கப்பூருக்குப் பாலம் போடுவதற்காகப் படகுகளில் கருங்கல் கொண்டுவந்து கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நின்று வேடிக்கை பார்த்திருப்போம். அன்று கல் விழும் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் திருப்பத்தில் நீ நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "சரி, போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டாய்.

என் அப்பா ரோட்டு வேலைக்காரர்களை மேய்க்கும் மண்டோர் என்பதும், அவர் என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதே அம்மாவின் பிடிவாதத்தால்தான் என்பதும் உனக்குத் தெரியும். பாஸ் செய்கிறவரை படிக்கலாம் என்பது அவர் பேச்சு. வீட்டுக்குப் போய், தோற்றதை அழுதுகொண்டே சொன்னேன். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அதுக்கேன் அழுவுற? பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிச்சது போதும்மா. கைகால் கழுவிட்டுச் சாப்புடு" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் ஏமாற்றம் கொஞ்சமும் இல்லை. என்னிடம் அவர் எதையும் எதிர்பார்த்திருக்கவே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அந்த வீட்டில் ஏமாந்து போனவள் நான் ஒருத்திதான். அம்மாகூட, துணைக்கு ஒரு ஆள் கிடைத்ததில் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டாளோ என்னவோ.

பள்ளிக்கூடம் திறந்தது. நான் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். நீ தனியாகப் போவாய். எங்கள் வீட்டருகே வந்ததும் நடை மெதுவாகும். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பாய். கையாட்டுவதா வேண்டாமா என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ வளைவில் மறைந்த பிறகு அந்தத் தெருவில் பார்க்க ஒன்றுமே இருக்காது. அன்றைய பொழுது முழுக்க மிச்சம் இருக்கும்.

சனிக்கிழமை தவறாமல் வந்தாய். உன் தம்பி ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தது, மாதாகோயில் பாட்டுக்குழுவில் உன்னைச் சேர்க்க மறுத்தது, ஸ்டேஷனில் யாரோ விட்டுப்போன கிளி எல்லாம் சொல்லுவாய். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாய். நான் கேட்டாலும், "அங்க என்ன இருக்கு, ஒண்ணுமில்ல" என்று பேச்சை மாற்றிவிடுவாய். நீ அன்பினால்தான் அப்படிச் செய்தாய். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ எழுந்து போனபின், இன்னும் கொஞ்சம் தூரத்துக்குத் தள்ளிவிடப்பட்டவளாக இருந்தேன்.

ஒருநாள் அடுப்படியில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நீ மறுபடி கிளிக்கதையை ஆரம்பித்தாய். எனக்குத் தாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தேன்.

"கிளி கெடக்கட்டும்டி. பள்ளிக்கூடம்தானே போற? அங்க என்ன நடக்குதுன்னு சொல்லேன். நீ சொல்லாம இருக்கிறதுதான் எனக்கு வலிக்குது."

"சொன்னா நீ அழுவியேன்னு பயந்துட்டு இருந்தேன்" என்றாய். உன் குரல்தான் முதலில் உடைந்தது.

"அழுதா அழறேன். நீ சொல்லு."

அப்புறம் நிறுத்தவே இல்லை நீ. கணக்கு மிஸ்ஸுக்குத் தும்மல் வந்து பலகையில் கோடு கோணியது, என் இடத்தில் புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்தது, அவளிடம் "அது ஆள் இருக்கிற இடம்" என்று உளறிவிட்டு நீ திட்டு வாங்கியது. மிஸ் மாதிரியே இடுப்பில் கைவைத்து நீ நடந்து காட்டியதும் அம்மா அடுப்பை ஊதுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். நான் அழவும் செய்தேன், சிரிக்கவும் செய்தேன். நீ போனதும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. ஆனால் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நினைத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சம் இருந்தது.

நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா மனம் மாறவில்லை. நீ படித்து முடிக்கும்வரை உன் வாய்வழியாகவே நானும் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்தேன். பிறகு கல்யாணமாகி, கோத்தா திங்கிக்கு அப்பால் இந்த ரப்பர் தோட்டத்துக்கு, கணக்கெழுதும் ஒரு கிராணியின் மனைவியாக வந்தேன். நீ நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாய்.

பிறகு ஒரு மத்தியானம், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், கையில் ஒரு பையோடு தோட்டத்து ரோட்டில் நடந்து வந்தாயே. சட்டை முழுக்கச் செம்மண் தூசி. வாசலில் நின்றபடியே, "பெயிலாயிட்டேன்டி" என்றாய்.

எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைப் பேசவைத்தால் பாரம் இறங்கும் என்று, எந்தக் கேள்வி, யார் கேட்டார்கள், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். உன் முகத்தில் அவ்வளவு களைப்பு.

"அட அலமாக், ஒண்ணும் கேக்காதடி. நீ பாட்டுக்கு மீனைக் கழுவு. நான் சும்மா இங்க உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தாய். நான் மீன் கழுவினேன். பூனை வந்தது, போனது. நீ இருந்த நாட்களில் பரீட்சை என்ற சொல்லே நம் வாயில் வரவில்லை. துணி துவைத்தோம், ஆற்றங்கரைக்கு நடந்தோம், திரும்பினோம். பஸ் ஏறும்போதுதான், "திரும்ப எழுதறேன்" என்றாய். எழுதினாய். தேறினாய். ஆஸ்பத்திரியில் எல்லாரும் உன்னை, நர்ஸ்களைக் கூப்பிடுகிற மாதிரி, "மிஸ்ஸி" என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினாய். உன் மகிழ்ச்சியை நினைத்து நான் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆற்றுவெள்ளம் ரோட்டை மூடியிருந்த நாட்கள். உன்னை அடக்கம் செய்தபிறகுதான் எனக்குச் செய்தியே வந்து சேர்ந்தது. கல்லறைக்கு நான் இன்னும் வரவில்லை. வந்தால் நிஜமாகிவிடும்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். இந்தத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து யாராவது துக்கத்தோடு என் வாசலுக்கு வந்தால், முதலில் கேட்கிறேன்: "பேசணுமா, இல்ல சும்மா உக்காந்திருக்கணுமா?" பெண்கள் முதலில் விழிப்பார்கள். பிறகு ஒன்றைச் சொல்வார்கள். எது சொன்னாலும் செய்கிறேன்.

உன் செய்தி வந்தபோது பக்கத்து வீட்டார் வந்து நிறையப் பேசினார்கள். என் கணவர் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டும் எனக்கு ஆகவில்லை. எனக்கு எது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பாய். கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லையடி.