பழைய நெட்வொர்க் கார்டு

20 ஜூன் 2014, வெள்ளி

கம்ப்யூட்டரை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பழைய நெட்வொர்க் கார்டுகளை, எங்கள் குழு எழுதும் மென்பொருளோடு பிணைக்கும் டிரைவர் நிரலைப் போன மாதம் நான்தான் நீக்கினேன். "இதை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை" என்று காரணமும் எழுதினேன். குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை.

மத்தியானம் ஆரல்வாய்மொழி காற்றாலையில் வேலை பார்க்கும் சித்தி மகன் ஜெபசிங் கூப்பிட்டான்.

"மக்கா, நீ சொன்ன புது வெர்ஷனத்தான் போட்டேன். ஸ்கிரீன்ல காத்தாடி கணக்கு ஒண்ணும் காணல. வெளிய எல்லா காத்தாடியும் சுத்துது. சாரு என்னய ஏசுதாரு. வேல போயிரும் போல."

என்ன கார்டு என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரில் பழைய கார்டை மாட்டிக்கொடுத்ததே நான்தான். நீக்கும்போது அது நினைவுக்கே வரவில்லை.

"யாரோ என்னத்தையோ எடுத்துட்டானுவ போல. நீ இருக்கும்போ எனக்கு என்ன பயம்?" என்றான்.

"ஆமா, யாரோ எடுத்துட்டானுவ" என்றேன் நான்.