பருத்திக்கொட்டைப் பந்தயம்

1937 நவம்பர் 8, திங்கள்

சங்கு ஊதியும் எழுந்திருக்க மனம் வரவில்லை. மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங்கில் வெள்ளியங்கிரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். குற்றம் - உள்ளே ஒரு தண்ணீர்ப் பானை வைக்கச் சொன்னான். பஞ்சுத் தூசி தொண்டையை அடைக்கிறது. குடிக்க முற்றத்துக்குப் போனால் அபராதம். கேட்டது பானை. போனது வேலை. அவனும் நானும் உக்கடத்தில் ஒரே தெரு. நான் அதே மில்லில் குமாஸ்தா, ஆபீஸ் பீரோ சாவி என்னிடம். அவனுக்காக என்னத்தைச் செய்துவிட்டேன்?

மத்தியானம் முதலாளி அழகிரிசாமி கூப்பிட்டார். கையில் ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம்.

"டேய் பாலு, இதப் படிச்சு எனக்குச் சொல்லிக் குடுடா."

ஸ்டட் போக்கர் என்ற சீட்டாட்டத்தின் விதிகள். புது மெஷின் பொருத்த வந்திருக்கும் இஞ்சினீயர் துரை சனிக்கிழமைதோறும் பங்களாவில் ஆடுகிறாராம். போன வாரம் இவர் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மானம் போயிற்றாம். மானம்!

நவம்பர் 9

சாப்பாட்டு மணியடித்த பிறகு ஆபீஸ் மாடியில் பாடம். ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு சீட்டு கவிழ்த்து. அதை அவரவர் மட்டும் பார்க்கலாம். இன்னொன்று மல்லாத்தி, எல்லோர் கண்ணுக்கும். திறந்த சீட்டில் பெரியது வைத்திருப்பவர் பந்தயத்தைத் தொடங்குவார். மற்றவர்கள் அதே அளவு கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டை வைத்துவிட்டு விலகலாம். பிறகு மல்லாத்தி ஒரு சீட்டு, மறுபடி பந்தயம். இப்படி ஐந்து சீட்டு சேரும்வரை. கடைசிவரை நின்றவர்கள் கவிழ்த்ததைத் திறக்க வேண்டும். ஜோடியை இரண்டு ஜோடி வெல்லும், அதை ஒரே எண்ணில் மூன்று வெல்லும், ஐந்தும் ஒரே ஜாதியானால், எல்லாம் ஆர்ட்டின் என்பதுபோல், அதையும் வெல்லும். இன்னும் மேலே உண்டு.

ஆனால் எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் விலகிவிட்டால் மிஞ்சியவன் எதையும் திறந்து காட்ட வேண்டாம். கையில் ஒன்றும் இல்லாமலே ஜெயிக்கலாம்.

இதைச் சொன்னதும் முதலாளி தொடையில் தட்டினார். "அட, இது நம்ம யாவாரமல்லோ!"

காசுக்குப் பதில் பருத்திக்கொட்டை வைத்து ஆடினோம்.

நவம்பர் 11

என்னிடம் இரண்டு ராஜா. அவர் முன்னால் திறந்து கிடந்த நான்கும் ஆர்ட்டின். கவிழ்த்ததும் ஆர்ட்டின் என்றால் நான் செத்தேன். இல்லையென்றால் அவரிடம் இருப்பது குப்பை. குவியலாகக் கொட்டையைத் தள்ளினார். மோர்ச் சொம்பையும் என் பக்கம் நகர்த்தினார்.

"மோர் குடிங்க பாலுசாமி. எதுக்குங்க சிரமம்? சீட்ட வெச்சுருங்க கண்ணு."

வைத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினார். கிளாவர் மூன்று. வெறும் குப்பை.

அடுத்த ஆட்டத்தில் அவருக்கு மூன்று ராணி. அப்போது "கட்டுடா, என்னடா முழிக்கறே?" என்றார். மோரும் இல்லை, கண்ணுவும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. கையில் சீட்டு இருந்தால் அதட்டல். இல்லாவிட்டால் மரியாதை. அவருக்கே இது தெரியாது. இந்த ஊர் மரியாதையை எல்லோரும் மெச்சுகிறார்கள். அதை யாராவது திருப்பிப் பார்த்தார்களா?

நவம்பர் 12

இன்றும் பார்த்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. அவரிடம் சொல்லவில்லை. விதியைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை.

நவம்பர் 13, சனி

வெள்ளியங்கிரியின் மனைவி ராசாத்தாள் வந்தாள். அவளுக்கு நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் வேலை.

"ஏனுங்க, மொதலாளி கூட தெனமும் சீட்டாடறீங்களாமா. எங்கூட்டுக்காரருக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா? இல்ல, ஆடறப்ப வாய் தொறக்கக் கூடாதுங்களா?"

கேட்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

நவம்பர் 15

சனிக்கிழமை துரையை ஜெயித்துவிட்டாராம். பின்னே, துரைக்குத் தமிழ் தெரியாது, மரியாதையும் அதட்டலும் அவருக்கு ஒன்றுதான். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். வெள்ளியங்கிரிக்காகக் கேட்டுவிட்டேன்.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அதுக்கென்னுங்க பாலுசாமி! ஒரு வாரம் போகட்டுங்க, நானே ஆளு உட்டுக் கூப்புடறனுங்க. உக்காருங்க, மோர் குடிங்க."

மோரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது - கவிழ்த்த சீட்டு குப்பை.

வெள்ளியங்கிரியிடம் போய்ச் சொன்னேன். "அத்தன மரியாதையாச் சொன்னாரா? அப்ப வேலைக்கு எடுத்துக்குவாருடா" என்று முகம் மலர்ந்தான். இல்லை, எடுக்க மாட்டார் என்று சீட்டுக் கதையைச் சொன்னேன்.

"அப்ப உக்காந்துபோட வேண்டியதுதான்" என்றான்.

நவம்பர் 18

நேற்றிலிருந்து ஸ்பின்னிங், ரீலிங் எல்லோரும் மில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளியங்கிரியை வேலைக்கு எடு, பானையை வை. வேறொன்றும் இல்லை. சங்கு ஊதுகிறது, மெஷின் ஓடவில்லை.

இன்று முதலாளி இறங்கி வந்தார். பின்னால் நான். கும்பிட்டார்.

"ஏனுங்க சாமி, எனக்கொண்ணும் நட்டமில்லீங்க. நாளைக்குப் பாலக்காட்டுல இருந்து ஆளுக வாராங்க. இல்லீன்னா மில்லப் பூட்டிச் சாவியக் கெணத்துல போட்டுப்போட்டு நாம்பாட்டுக்குப் போயிருவனுங்க. பொழப்பக் கெடுத்துக்காதீங்க கண்ணுகளா. வெயில்ல வாடறீங்களே, மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

பெண்கள் சிலர் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். ராசாத்தாள் என்னைப் பார்த்தாள். அவளும் பாதி எழுந்திருந்தாள்.

நான் நினைத்தது தப்பாக இருந்தால்? பாலக்காட்டிலிருந்து நிஜமாகவே ஆள் வந்தால்? இத்தனை வீட்டில் அடுப்பு எரியாது. பருத்திக்கொட்டை இல்லை இது. அந்த ஒரு சீட்டு கவிழ்ந்துதான் கிடக்கிறது - எனக்குத் தெரியுமா என்ன?

வாய் தானாகத் திறந்தது. "எந்திரிக்காதீங்க! அவுரு கையில ஒண்ணுமில்ல!"

முதலாளி திரும்பிப் பார்த்தார். ராசாத்தாள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க மொதலாளி, வெயிலு காயுது. நீங்களும் செத்த நேரம் உக்காருங்க" என்றாள். முற்றமே சிரித்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

முதலாளி மாடிக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை.

நவம்பர் 20, சனி

பாலக்காட்டிலிருந்து ஒருவனும் வரவில்லை. வெள்ளியங்கிரி காலையில் வேலைக்கு உள்ளே போனான். பானையும் வந்தது. அத்தனை பேருக்கும் ஒரே பானை, அதற்கே இவ்வளவு.

மத்தியானம் முதலாளி மாடிக்குக் கூப்பிட்டார். மேசையில் சீட்டுக்கட்டு இருந்தது. மோர் இல்லை.

"டேய், பீரோ சாவிய வெச்சுட்டு வெளிய போடா. இந்தப் பக்கம் தல தெரிஞ்சுது, கால ஒடச்சுப்போடுவேன்."

மரியாதை துளிகூட இல்லை. சாவியை வைத்துவிட்டு விலகினேன்.