அவள் பேசினாள், நான் வாசித்தேன்

மே 3, சனி

மாற்றலாகி வந்து, தம்பானூர் லாட்ஜில் இன்று ஆறாவது நாள். கம்பெனி முப்பது நாளுக்குத்தான் அறை கொடுத்திருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி காலி செய்தாக வேண்டும். அதற்குள் வீடு பார்க்க வேண்டும். வாடகை ஒன்பதாயிரத்துக்கு மேல் போனால் தாங்காது என்று இவர் சொல்லிவிட்டார். ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. பிரியா அம்பாசமுத்திரத்தில் அவள் அத்தை வீட்டில் இருக்கிறாள். தினமும் போன் செய்து ஒரே கேள்விதான்: “வீடு கெடச்சுட்டாம்மா?”

அடுத்த அறையில் இருப்பவர்களும் நம் கம்பெனிதான். தாணுமாலையன், சுசீந்திரத்துக்காரர், இவரோடு கணக்குப் பிரிவில் வேலை. மனைவி வடிவாம்பாள். கூட அவள் மாமியார் பிச்சம்மாள். முட்டுவலி, படி ஏற முடியாது. அவர்களுக்கும் அதே வாடகை, அதே கெடு.

வடிவுக்கு மலையாளம் தண்ணீர் மாதிரி வருகிறது, ஆனால் அதில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியும். மாற்றல் என்று தெரிந்த தை மாதமே சின்னப் பிள்ளைகளின் எழுத்துப் புத்தகம் வாங்கி நானே உட்கார்ந்து கற்றேன். ஆனால் பேச வாயெடுத்தால் தமிழ்தான் வருகிறது.

“நீங்க வாசிங்க அக்கா, நான் பேசுதேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு” என்றாள்.

சரி என்றேன். கணக்கு நோட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன். இடம், வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கோயில் தூரம். பிச்சம்மாளை நினைத்து ‘படி’ என்றும் ஒரு பத்தி சேர்த்தேன்.

மே 5, திங்கள்

ஸ்ரீவராகம். தெருவைப் பார்த்ததுமே மனசு அங்கேயே தங்கிவிட்டது. வாசலில் கோலம், தமிழ்ப் பேச்சு, காலையில் நடந்தே பத்மநாபனைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு மாமி வீட்டைத் திறந்து காட்டினாள். பதினாறாயிரம்.

“எங்களால ஒம்பது வரைக்கும்தான் முடியும்” என்றேன்.

“ஒம்பதுக்கு இங்க கார் ஷெட்டுதான் கிடைக்கும். கோச்சுக்காதீங்கோ, நெலவரத்தைச் சொன்னேன்.”

“கார் ஷெட்டுல கார் நிக்குமா, நாங்க மட்டுமா மாமி?” என்று வடிவு கேட்டாள். மாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். பேசியது முழுக்கத் தமிழ்தான். இங்கே வடிவின் மலையாளத்துக்கு வேலையே இல்லை. இருந்தும் மாமி என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மே 8, வியாழன்

லாட்ஜில் காலையில் வெந்நீர் முதலில் அவள் அறைக்குத்தான் போகிறது. கேட்டால், “வடிவு சேச்சி பறஞ்ஞிருந்நு” என்கிறான் மேனேஜர். நானும் நேற்றே சொன்னேன். நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லையாம்.

இவரும் சேர்ந்துகொண்டார். “வடிவு கூடப் போறேல்லா, அப்பம் காரியம் நடந்துரும். அந்தப் புள்ளைக்கு நல்ல சாமர்த்தியம்.”

அந்தப் புள்ளை! முப்பத்தாறு வயசு. இருபது வருஷமாக ஒற்றைச் சம்பளத்தில் கடன் இல்லாமல் வீடு நடத்துகிறேனே, அதற்கு என்ன பெயராம்?

மே 10, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

மணக்காட்டில் ஒரு வீடு. பலகையைக் கண்டுபிடித்தவள் நான். வாசித்தவள் நான். மாடிப் பகுதி, எட்டாயிரத்து ஐந்நூறு, குழாய்த் தண்ணீர் தடையில்லை. எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டுக்காரியும் வடிவும் அரைமணி நேரம் பேசினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அந்த அம்மா என்னைக் காட்டி வடிவிடம் கேட்டாள்: “கூடெ வந்நது அம்மயாணோ?”

அம்மா! எனக்கு நாற்பத்து மூன்று.

வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இல்ல சேச்சி, எங்க அக்கா” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள்.

பதினெட்டுப் படி. பிச்சம்மாளுக்கு ஆகாது. அதனால் வடிவு தனக்கு வேண்டாம் என்று சொல்லி, வீட்டை எனக்குக் கொடுக்கும்படி நல்ல மனசோடுதான் கேட்டாள். வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை. அவளுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமாம். வடிவு வந்தால் ஐந்நூறு குறைத்துத் தருகிறாளாம்!

ராத்திரி சாப்பிடும்போது அந்த ‘அம்மா’ கதையை எல்லாரிடமும் சொன்னாள். இவர் புரையேறச் சிரித்தார். பிச்சம்மாள் மட்டும், “போடி, அவளுக்கு என்ன கொறச்சல்? லெச்சணமா இருக்கா” என்றாள். அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

மே 13, செவ்வாய்

கரமனை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்து. ஒரு பச்சைக் கேட்டில் அட்டையில் கையால் எழுதிக் கட்டியிருந்தது. மணிமணியான எழுத்து. வீடு வாடகைக்கு. கீழ்த்தளம். சிறிய குடும்பம். தரகர் வேண்டாம், உள்ளே வந்து கேட்கவும். போன் நம்பர் இல்லை. கம்பி வழியே பார்த்தேன். துளசிமாடம், கிணறு. வாசலுக்கு ஒரு படிகூட இல்லை.

“என்ன போட்டிருக்கு அக்கா?” என்று வடிவு கேட்டாள்.

“நாய் இருக்காம். ஜாக்கிரதைன்னு போட்டிருக்கு” என்றேன்.

அவளுக்கு நாய் என்றால் உயிர் போகும். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். “வாங்கக்கா, வாங்கக்கா!”

நானும் பின்னால் ஓடினேன். இல்லாத நாய்க்குப் பயந்து ஓடினேன்.

ஏன் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திருத்தியிருக்கலாமே? சந்து முனை வரை நேரம் இருந்தது. பஸ்ஸில் அவள் தோளில் இடித்துக்கொண்டுதான் வந்தேன். சொல்லவில்லை.

மே 14, புதன்

காலையில் தலைவலி என்று வடிவிடம் சொல்லிவிட்டு, அவள் அறைக்குள் போனதும் கிளம்பினேன். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அந்த அட்டையை யாரும் வடிவுக்கு வாசித்துச் சொல்லிவிடக் கூடாது என்று வேண்டினேன். இப்படியும் ஒரு வேண்டுதல்! தேங்காய் நன்றாகத்தான் சிதறியது. அவர் பக்கம் பார்க்காமல் திரும்பிவிட்டேன்.

கரமனையில் அட்டை அப்படியே இருந்தது. வீட்டுக்காரி சாவித்ரி டீச்சர், ஓய்வு பெற்றவர், மாடியில் தனியாக இருக்கிறார். அவர் கேட்டதில் பாதி புரிந்தது. பதில் சொல்ல வாய் எழவில்லை. வியர்த்துப்போய் கணக்கு நோட்டைத் திறந்து மலையாளத்தில் எழுதிக் காட்டினேன். ‘நாங்கள் மூன்று பேர். மகள் ஒன்பதாம் வகுப்பு. சைவம். வாடகை நாள் தவறாது.’

டீச்சர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சிவப்புப் பேனா எடுத்து இரண்டு இடத்தில் சுழித்துத் திருத்தினார். “ஆரு படிப்பிச்சு?”

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் ஐம்பதாயிரம். நானே உள்ளே போய்ப் பார்த்தேன். சமையலறையில் கிழக்கு ஜன்னல். பூஜைக்கு மாடம்.

என் எழுத்துக்குக் கிடைத்த வீடு. வடிவின் பேச்சுக்குக் கிடைத்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நோட்டில் கட்டம் நிரப்பினேன். ‘படி’ பத்தியில் ஒன்றும் எழுதவில்லை.

மே 16, வெள்ளி

வடிவிடம் சொன்னேன். இவருடைய ஆபீஸில் யாரோ சொன்ன வீடு என்றேன். கீழ்த்தளமா என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கேட்கவில்லை.

“நல்லதாப் போச்சு அக்கா! பிரியாவைக் கூட்டியாந்துரலாம்லா” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

கொஞ்சம் வயிறெரிந்தால்தான் என்ன இவளுக்கு? எனக்கு மட்டும்தான் இந்தச் சீக்கா?

மே 20, செவ்வாய்

நான் இல்லாமலே வடிவு வீடு பிடித்துவிட்டாள். நேமம். மாடி. எட்டாயிரம். இருபது படி. மணக்காட்டு மாடியே இதைவிட இரண்டு படி குறைவு. அதை விட்டவள் இப்போது வேறு வழியில்லாமல் இதற்குச் சரி சொல்லியிருக்கிறாள். “அம்மையை ஒரு தடவை ஏத்திட்டா பெறவு எறக்காண்டாம்” என்று தாணுமாலையன் அண்ணாச்சி சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

மே 24, சனி

இரண்டு நாளாக விளக்கு ஏற்றிவிட்டுக் கும்பிடாமலே எழுந்துவிடுகிறேன். வீடு மாறும் அவசரம் என்கிறார் இவர்.

மே 28, புதன்

பால் காய்ச்சினோம். வடிவு வீட்டாரைக் கூப்பிடாமல் முடியுமா? காலை ஆறரைக்கே ஆட்டோவில் வந்துவிட்டார்கள். நான் அடுப்பங்கரையைவிட்டு வெளியே வரவில்லை. பிச்சம்மாள் குரல்தான் முதலில் கேட்டது: “இது நல்லாருக்கே! படியே இல்லாம நேரா வந்துட்டேன் பாத்தியா?” அவள் பாட்டுக்குக் கிணறு வரை நடந்து போனாள், துளசியைச் சுற்றினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பால் பொங்கியது. இவர் கும்பிட்டார். நான் ஏறிட்டுப் பார்த்தேன். வடிவு கும்பிடவில்லை. வாசல் வழியாகப் பச்சைக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, மாடியிலிருந்து இறங்கி வந்த டீச்சரிடம் மலையாளத்தில், “டீச்சரே, இங்க இருந்த நாய் எங்க?” என்று கேட்டாள்.

“நாயோ? இவ்விடெ நாயொந்நும் இல்லல்லோ. எனிக்கு பேடியா” என்றார் டீச்சர். அவருக்கும் நாய் பயமாம்.

என் கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“எந்த நாயி?” என்று இவர் கேட்டார்.

வடிவு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. “ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வேற தெருவா இருக்கும். இந்த ஊர்ல எல்லா கேட்டும் ஒண்ணுபோலத்தான இருக்கு” என்றாள். டம்ளரை எடுத்து மாமியாருக்குப் பால் ஆற்றிக் கொடுத்தாள். போகும்போது, “வாரேன்” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

திட்டியிருக்கலாம். இவர் முன்னால் மானத்தை வாங்கியிருக்கலாம். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். என் பொய்யை மறைப்பதைக்கூட அவள்தான் அழகாகச் செய்துவிட்டுப் போகிறாள். பொய் சொன்னாலும் அவள் சொல்வது அடுத்தவளைக் காப்பாற்றுகிறது. எதில்தான் நான் இவளை ஜெயிப்பேன்?

ஜூன் 2, திங்கள்

பிரியா பள்ளிக்கூடம் போனாள். மழை.

ஜூன் 8, ஞாயிறு

பிச்சம்மாள் பத்து நாளாகத் தெருவையே பார்க்கவில்லையாம். ஜன்னலில் உட்கார்ந்து பஸ்ஸை எண்ணுகிறாளாம். இவர் ஆபீஸில் கேட்டு வந்து சொன்னார், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் ரசம் எடுத்து வரப் போனேன்.

இரண்டு தடவை வடிவின் நம்பரை எடுத்தேன். கூப்பிட்டால் பேச வேண்டும். எனக்குப் பேச வராது. தமிழிலும் வராது போலிருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் வடிவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. ஒரு மதிலில் சாய்த்து வைத்த பலகை, மலையாளம். கூடவே அவள் குரல்: “இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க.” அவ்வளவுதான். சிரிப்பு இல்லை.

மதிலுக்குப் பின்னால் தெரிகிற பலாமரம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது சந்து.

வீடு வாடகைக்கு. கீழ்த்தளம். இரண்டு படுக்கையறை. கிணற்றுத் தண்ணீர். பெரிய முற்றம். மாதம் 7500. கீழே பத்து இலக்கத்தில் போன் நம்பர் தெளிவாக இருக்கிறது. இலக்கம் வாசிக்க அவளுக்குத் தெரியாதா? நம்பரை அழுத்தி அவளே பேசியிருக்கலாம். வழியில் போகிற யாரையும் கேட்டிருக்கலாம். என்னிடம் கேட்கிறாள்.

ஏழாயிரத்து ஐந்நூறு. எங்களைவிட ஆயிரம் குறைவு. எங்களுக்கு இரண்டாவது அறையே கிடையாது, பிரியா ஹாலில்தான் படுக்கிறாள். வயிறு எரியவில்லை என்று எழுதினால் இந்த நோட்டிலும் பொய் வந்துவிடும். எரிகிறது. இவரிடம் சொல்லி நாமே மாறிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது.

பலகையில் உள்ளதை ஒரு வரி விடாமல் தமிழில் அடித்தேன். முற்றத்தை விட்டுவிட்டு ஒரு தடவை அடித்தேன். அழித்தேன். ‘பெரிய முற்றம்’ என்று பெரியதையும் சேர்த்து அடித்தேன். அதற்குக் கீழே, பலகையில் இல்லாததையும் எழுதினேன்: ‘அன்னைக்கு அந்த கேட்டுல நாய்னு எழுதியிருக்கல. கீழ்வீடு வாடகைக்குன்னுதான் இருந்துச்சு. வாசிச்சுத் தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்.’

அனுப்பிவிட்டேன். இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. மணி நான்கு. பதில் வரவில்லை.

பெரிய முற்றத்தோடு ஏழாயிரத்து ஐந்நூறாமே!